கர்ப்பிணியாகப் புது வேலையில் சேர்ந்தால் பேறுகாலச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

விடியற்காலையில் காரிமங்கலத்திலோ பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ சாலையோரம் நின்றால், ஓசூர் நோக்கிப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்க்கலாம். அவற்றில் போகும் பெண்களில் பலர் ஒரே கம்பெனியில் நீண்ட காலம் இருப்பதில்லை. ஒப்பந்தம் முடிகிறது, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறார்கள், கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கிடைத்த வேலையை விட்டு ஓசூர் சிப்காட்டுக்கு வருகிறார்கள். இந்த மாற்றத்தின் நடுவில் கர்ப்பம் தரித்தால் கேள்விகள் வரிசையாக எழுகின்றன. சேரும்போதே சொல்ல வேண்டுமா? சேர்ந்து நான்கு மாதத்தில் லீவு கேட்டால் தருவார்களா? சம்பளத்தோடு தருவார்களா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும் குழப்பம் கூடியது. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 என்ற ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும், பேறுகால உரிமையின் உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே பழைய சட்டத்தை ஒட்டி வந்த தீர்ப்புகளை இன்றும் துணைக்கு அழைக்கலாம்.

முதலில் சில சொற்கள்

1. பேறுகாலப் பயன்: விடுப்பும் அந்த நாட்களுக்கான சம்பளமும் சேர்ந்தது. உயிரோடு உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது 8 வாரம் வரை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். முன்கூட்டி 6 வாரம் வரை.

2. எதிர்பார்க்கும் பிரசவத் தேதி: ஸ்கேன் அறிக்கையில் டாக்டர் எழுதும் தேதி. முதலாளியிடம் பயன் கேட்பதற்கான தகுதிக் கணக்கு இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. வேலையில் சேர்ந்த நாளில் எத்தனையாவது மாதம் என்று சட்டம் எங்கும் கேட்பதில்லை.

3. பங்களிப்புக் காலம், பயன் காலம்: இவை இ.எஸ்.ஐ.யின் சொற்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதலாவதில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், இரண்டாவதில் கட்டியதற்கானது ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் கிடைக்கும். கட்டிய மறுநாளே பலன் வருவதில்லை, நடுவில் மூன்று மாத இடைவெளி உண்டு. இந்த இடைவெளிதான் பின்னால் வில்லங்கம் செய்யப்போகிறது.

பணம் வரும் இரண்டு வழிகள்

பேறுகாலச் சம்பளம் முதலாளியின் கையிலிருந்து வரலாம், அல்லது இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வரலாம். யாரிடம் கேட்பது என்பதை மாதச் சம்பளம் தீர்மானிக்கிறது. இ.எஸ்.ஐ. பொருந்தும் தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட வேண்டும். அதற்கு மேல் வாங்குபவருக்கும், இ.எஸ்.ஐ. இல்லாத, ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் இருப்பவருக்கும் முதலாளியே பொறுப்பு.

எந்த வழி என்று தெரிய பே ஸ்லிப்பைப் பார்த்தால் போதும். பிடித்தம் என்ற பத்தியில் இ.எஸ்.ஐ. என்று ஒரு சிறு தொகை, சம்பளத்தில் 0.75 சதவீதம், இருக்கும். 16,000 ரூபாய்க்கு 120 ரூபாய். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடும் ஒப்பந்ததாரர்களும் உண்டு என்பதால், இ.எஸ்.ஐ. இணையதளத்தில் தன் காப்பீட்டு எண்ணைப் போட்டு மாதாமாதம் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் கணக்கு: இந்த முதலாளியிடம் 80 நாள்

முதலாளி தர வேண்டிய வழியில் நிபந்தனை ஒன்றுதான். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில், யாரிடம் பயன் கேட்கிறாரோ அந்த முதலாளியிடம் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். முன்பு இது 160 நாளாக இருந்தது. 1988இல் வந்த திருத்தம் பாதியாக்கியது. பழைய கம்பெனியில் ஐந்து ஆண்டுகள் இருந்திருந்தாலும் அந்த நாட்கள் இங்கே செல்லாது. வேலை மாறுபவருக்கு வலிப்பது இந்த இடம்தான்.

காலண்டரை வைத்து ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். நாள் கூலி 900 ரூபாய், மாதம் 26 நாள் வேலை, ஆக 23,400 ரூபாய் வாங்கும் ஒரு பெண். பிரசவத் தேதி 2026 ஆகஸ்ட் 20. ஏப்ரல் 6, திங்கட்கிழமை, ஐந்தாவது மாதக் கர்ப்பத்தில் புது வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. எட்டு வாரம் முன்கூட்டி விடுப்பு எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு ஜூன் 25 முதல் வீட்டில் இருந்துவிட்டால், வேலை நாட்கள் 69தான் ஆகியிருக்கும். 11 நாள் குறைவு. 26 வாரச் சம்பளமும் கைநழுவிப் போகலாம்.

2. வாரம் ஆறு நாள் விடாமல் போனால் 80ஆவது நாள் ஜூலை 7. அதற்குப் பிறகு விடுப்பில் போனால் தகுதி உறுதி. பிரசவத்துக்கு முன் எடுக்காமல் விட்ட வாரங்கள் வீணாவதில்லை. 26 வாரத்தில் மீதி முழுவதும் பிரசவத்துக்குப் பின் கிடைக்கும்.

3. மே தினம் போன்ற சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறைகளும், வேலை இல்லை என்று கம்பெனியே நிறுத்திவைத்த நாட்களும் 80இல் சேரும். வளைகாப்புக்காகச் சம்பளமில்லாமல் எடுத்த இரண்டு நாள் சேராது.

நம் பக்கத்தில் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருந்தால், மாமியார் நல்ல நாள் பார்ப்பதற்கு முன்னால் இந்த 80ஐ ஒருமுறை எண்ணிவிடுவது குடும்பத்துக்கே லாபம்.

தொகையையும் பார்த்துவிடலாம். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலி எடுக்கப்படும். அந்தச் சராசரியை எத்தனை நாளால் பெருக்குவது? ஞாயிற்றுக்கிழமை சேருமா? கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில் 1977இல் விடை கிடைத்தது: வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேரும். நம் உதாரணப் பெண்ணுக்கு 182 நாளுக்கு 900 வீதம் 1,63,800 ரூபாய். ஆறு மாதச் சம்பளம் என்று தோராயமாகப் போட்டால் 1,40,400தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பொருளில் 23,400 ரூபாய், சரியாக ஒரு மாதச் சம்பளம், அடங்கியிருக்கிறது. கம்பெனி கணக்கர் போட்டுத் தரும் தொகையைச் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம்.

இது தவிர, கம்பெனி இலவசப் பிரசவ மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் உண்டு. சிறு தொகைதான், 2011இல் நிர்ணயித்ததற்குப் பிறகு உயரவே இல்லை.

இரண்டாம் கணக்கு: யாரிடம் வேலை செய்தாலும் 70 நாள்

இ.எஸ்.ஐ. வழியில் முதலாளி யார் என்பது கேள்வியே இல்லை. பிரசவம் நிகழும் பயன் காலத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், மொத்தம் 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். காப்பீட்டு எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். மாநில எல்லையும் அதற்குத் தடையில்லை.

அதே 2026 ஆகஸ்ட் 20 பிரசவத் தேதியை வைத்துக்கொள்வோம். அது ஜூலை–டிசம்பர் பயன் காலத்தில் விழுகிறது. எண்ண வேண்டிய நாட்கள் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. 2025 டிசம்பர் வரை அத்திப்பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, 2026 ஏப்ரலில் ஓசூரில் 16,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த பெண் தாராளமாகத் தகுதி பெறுகிறார். புதுக் கம்பெனியில் இன்னும் 80 நாள் ஆகவில்லை என்ற பேச்சு இவரிடம் எடுபடாது. 26 வாரமும் சராசரி நாள் கூலி முழுவதையும் இ.எஸ்.ஐ. கழகமே அவர் வங்கிக் கணக்கில் போடும்.

இவருக்கு வரும் இடைஞ்சல் வேறு மாதிரியானது. புதுக் கம்பெனி சேர்க்கும்போது பழைய எண்ணைக் கேட்காமல், அவசரத்தில் புதிதாக ஓர் எண் வாங்கிவிடுகிறது. அப்படி நடந்தால் கணினியின் கண்ணில் இவர் ஏப்ரலில் பிறந்தவர். பழைய பங்களிப்பு வேறு யாருடையதோ. சேரும் அன்றே பழைய காப்பீட்டு எண்ணை எழுதிக் கொடுப்பதுதான் இதற்கு மருந்து. ஏற்கெனவே இரண்டு எண் ஆகிவிட்டிருந்தால், பிரசவத்துக்கு முன்பே கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இரண்டையும் இணைக்கக் கேட்க வேண்டும்.

முதன்முதலாக வேலைக்கு வருபவர் விழும் பள்ளம்

சட்டத்தின் பலவீனம் இங்கே இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சேருபவருக்குப் பயன் காலம் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும். வயிற்றில் பிள்ளையோடு சேர்ந்தவருக்கு அதற்குள் பிரசவம் ஆகிவிடும். மனிதக் கர்ப்பத்தின் ஒன்பது மாதமும் விதியின் ஒன்பது மாதமும் இப்படி மோதிக்கொள்வது தற்செயலா என்று கேட்கத் தோன்றுகிறது. மருத்துவச் சிகிச்சை மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளத்துக்கு ஈடான பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து கிடைக்காது.

அப்படியானால் இவருக்கு யார் தருவது? இ.எஸ்.ஐ. போட்டுவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆனால் பழைய பேறுகாலச் சட்டத்தின் 5ஏ பிரிவு வேறு சொல்கிறது: அந்தச் சட்டப்படி பயன் பெறும் உரிமையுள்ள பெண், நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ. பொருந்தினாலும், இ.எஸ்.ஐ.யில் தகுதி பெறும் வரை அந்த உரிமையோடு தொடர்வார். புதிய தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. என் வாசிப்பில், 80 நாளை முடித்துவிட்டு இ.எஸ்.ஐ. தகுதியை எட்டாத பெண்ணுக்கு முதலாளியிடம் கேட்க இது நல்ல பிடி. கேட்டவுடன் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எழுத்தில் கேட்டு, மறுத்தால் ஆய்வாளரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

சேரும்போதே சொல்ல வேண்டுமா?

தனியார் வேலையில் சேரும் முன் கர்ப்பத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்று பேறுகாலச் சட்டம் சொல்லவில்லை. கர்ப்பிணி என்பதற்காக வேலை மறுக்கக் கூடாது என்றும் அது நேரடியாகச் சொல்லவில்லை. அதன் பாதுகாப்பு வேலையில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. நேர்காணலிலேயே சொல்லிவிட்டால் அழைப்பு வராமல் போகக்கூடும் என்று பெண்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

மறைத்தால் பிறகு அதையே காரணமாக்கி நீக்க முடியுமா? 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த எல்.ஐ.சி. வழக்கு இதற்கு மிக அருகில் வருகிறது. தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண் பேறுகால விடுப்பு எடுத்துத் திரும்பியபோது வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். சேரும்போது நிரப்பிய உறுதிமொழிப் படிவத்தில் அவர் உண்மையை மறைத்தார் என்பது நிறுவனத்தின் வாதம். படிவத்தை வாங்கிப் பார்த்த நீதிபதிகள் கண்டது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்பன போன்ற கேள்விகளை. ஒரு பெண்ணைக் கூச வைக்கும் இப்படிப்பட்ட கேள்விகளை நீக்கச் சொன்ன நீதிமன்றம், அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. முப்பது ஆண்டு கழித்து, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமான பெண்களைத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்ற பாரத ஸ்டேட் வங்கியின் சுற்றறிக்கை எதிர்ப்புக்குப் பின் 2022 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது.

சேர்ந்த பிறகு சீக்கிரம் சொல்வதில் லாபம் உண்டு. பிரசவத்துக்குப் பத்து வாரம் இருக்கும்போதிலிருந்தே, கடினமான வேலையையும் நீண்ட நேரம் நின்றபடி செய்யும் வேலையையும் தரக் கூடாது என்று கேட்கும் உரிமை உண்டு. அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இது பெரிய விஷயம். வாய்வார்த்தையாக சூப்பர்வைசரிடம் சொன்னால் அவர் ஷிப்ட் மாறியதும் மறந்துபோகும். ஸ்கேன் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பேறுகால உரிமைகள் என்னென்ன என்று வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்லும் கடமை முதலாளிக்கும் இருக்கிறது. நியமன ஆணையோடு அப்படி ஒரு தாள் வந்ததா என்று பாருங்கள்.

வேலையை விட்டு அனுப்பினால்

1. பேறுகால விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், அந்த நேரத்தில் வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம்.

2. கர்ப்ப காலத்தில் நீக்கினாலும், நீக்கியிருக்காவிட்டால் பயன் கிடைத்திருக்கும் என்றால் அது கிடைத்தே ஆக வேண்டும். 60ஆவது நாளில் அனுப்பிவிட்டு 80 ஆகவில்லையே என்று கைவிரிக்க முடியாது.

3. இவற்றை எதிர்த்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும்.

4. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதும் தப்பும் வழியாகாது. ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 80 நாள் நிபந்தனை நிறைவேறிய பிறகு ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் முழுப் பயனும் தர வேண்டும் என்றது. தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்பது 2000ஆம் ஆண்டிலேயே முடிவானது.

இந்த நான்கையும் ஒரே தாளால் வெறுமையாக்கிவிடலாம்: ராஜினாமா கடிதம். குழந்தை பிறந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், இப்போதைக்கு எழுதிக் கொடு என்று தேனாகப் பேசுவார்கள். தானாக விலகியவரை நீக்கியதாகச் சொல்ல முடியாது என்பதால், மேலே உள்ள பாதுகாப்பு எதுவும் எளிதில் ஒட்டாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ராஜினாமா செல்லும்.

அரசு வேலையும் தருமபுரி ஆசிரியையும்

தமிழக அரசுப் பணியில் 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு. தகுதிகாண் பருவத்தில் இருக்கும் பெண்களின் பேறுகால விடுப்பை அந்தப் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடும் அறிவிப்பு 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் வந்தது.

அரசுப் பணியிலும் இரண்டு குழந்தைக் கணக்கு இருக்கிறது. அது எங்கே இடறுகிறது என்பதைத் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவரின் வழக்கு காட்டியது. பணியில் சேரும் முன்பே முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மணமுறிவுக்குப் பின் அவர்கள் தந்தையிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டபோது மூன்றாவது குழந்தை என்று மறுத்தார்கள். பணியில் சேர்ந்த பிறகு அவர் அதுவரை ஒரு முறைகூடப் பேறுகால விடுப்பு எடுத்ததில்லை. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு தர உத்தரவிட்டு, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றது.

இரண்டு கணக்குக்கும் வெளியே

நான்கு பேர் வேலை செய்யும் துணிக்கடை, தையல் கூடம், வீட்டு வேலை ஆகியவற்றில் சேர்ந்த கர்ப்பிணிக்கு மேலே சொன்ன இரண்டு வழியும் திறக்காது. மிஞ்சுவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு, தவணைகளாகப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயதுத் திருமணம் ஒழியாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த நிபந்தனை யாரைத் தள்ளிவைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து எண் வாங்கினால்தான் தவணைகள் வரும்.

எங்கே முறையிடுவது

தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். கடை, நிறுவனம் என்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). இ.எஸ்.ஐ. பணம் என்றால் அதன் கிளை அலுவலகம். கொண்டுபோக வேண்டியவை: நியமன ஆணை, பே ஸ்லிப், வருகைப் பதிவைக் காட்டும் ஏதேனும் ஒன்று, பிரசவத் தேதி எழுதிய ஸ்கேன் அறிக்கை, கையெழுத்து வாங்கிய அந்தக் கடிதப் பிரதி. முன்கூட்டிக் கடிதம் கொடுக்கத் தவறியவர் பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம். தாமதத்துக்காகப் பயனை மறுக்கக் கூடாது. முதலாளி தரும் வழியில், பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான பணம் முன்பணமாகவும், மீதி குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் வர வேண்டும்.